சிட்னி வீட்டுக் கொல்லையில் பறவைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெண்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில் பக்கம் வீடு வாங்கிக் குடிவந்த நண்பர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கு நான் சொன்ன பதில்களும் இவை. சிட்னியை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். மெல்பர்ன், கான்பரா, பிரிஸ்பேன் வாசிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எங்கள் கொல்லைக்கு என்னென்ன பறவைகள் வரும்?

கொல்லையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. புல்தரையும் ஓரமாக ஒரு யூகலிப்டஸ் மரமும் இருந்தால் கறுப்பு வெள்ளைப் பறவையான மேக்பை, ரெயின்போ லாரிகீட் கிளி, நாய்சி மைனர், மஞ்சள் கொண்டைக் காக்கட்டூ, காக்கையளவுக் கறுப்புப் பறவையான கரவாங், கொண்டைப் புறா ஆகியவை தாமாகவே வரும். பக்கத்தில் ஓடையோ காப்புக்காடோ இருந்தால் பெரிய மீன்கொத்தி இனமான குக்கபரா, கிளி வகைகளான கிங் பேரட், ரோசெல்லா சேர்ந்துகொள்ளும். அடர்ந்த புதர் இருக்கிற வீடுகளுக்குத்தான் ஃபேரி ரென், ஸ்பைன்பில், வெள்ளைக்கண்ணி, சிவப்புப் புருவச் சில்லை போன்ற சிறியவை வருகின்றன.

கொண்டைப் புறாவைக் கொஞ்சம் கவனியுங்கள். திடுக்கிட்டுப் பறக்கும்போது அதன் இறக்கையிலிருந்து விசில் அடிப்பதுபோல ஓர் ஒலி வரும். இறக்கையில் குறுகலாக உள்ள ஒரு குறிப்பிட்ட இறகுதான் அந்த ஒலியை எழுப்புகிறது, மற்றப் புறாக்களுக்கு அதுவே எச்சரிக்கை என்று கான்பராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் காட்டினார்கள். தொண்டையால் அல்ல, இறகால் கூட்டத்தை எச்சரிக்கிற பறவை இது.

கொல்லையில் பார்ப்பதெல்லாம் இந்த மண்ணின் பறவை என்று எண்ண வேண்டாம். மைனா, புள்ளிப்புறா, செம்மீசைச் சின்னான் மூன்றும் நமக்கு ஊரிலேயே பழக்கமானவை. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குடியேறிகள் கொண்டுவந்து விட்டவற்றின் வழித்தோன்றல்களே இங்கு நாம் பார்ப்பவை. சிட்டுக்குருவியும் அப்படித்தான்.

எங்கள் வீட்டில் லாரிகீட்டும் நாய்சி மைனரும் மட்டும்தான். சின்னப் பறவை ஒன்றுகூட இல்லை. ஏன்?

அடிக்கடி வரும் கேள்வி இது. மற்றக் கேள்விகள் பலவற்றுக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது.

நாய்சி மைனர் சாம்பல் நிறம், மஞ்சள் அலகு, கண்ணுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் திட்டு. இது ஆஸ்திரேலியாவின் சொந்தப் பறவை, தேன் உண்ணும் குடும்பத்தைச் சேர்ந்தது. கூட்டமாக வாழும், கூட்டமாகவே சண்டையிடும். தன்னைவிடச் சிறிய எந்தப் பறவை எல்லைக்குள் நுழைந்தாலும் பத்துப் பதினைந்து சேர்ந்து விரட்டிவிடும். மேக்பை, குக்கபரா, கரவாங் போன்ற பெரியவற்றால் மட்டுமே அதைத் தாக்குப்பிடிக்க முடிகிறது.

அதற்குப் பிடித்த இடம் எது என்று பார்த்தால் நம் புறநகரின் அமைப்பு அப்படியே தெரியும். ஆங்காங்கே ஓர் உயர்ந்த யூகலிப்டஸ், அடியில் வெட்டிய புல், நடுவில் புதரே இல்லாத வெளி. காட்டைத் துண்டு துண்டாக்கி, அடிப்புதரை அழித்து, நாம்தான் அதற்கு ஒரு நாட்டையே உருவாக்கிக் கொடுத்தோம். நாய்சி மைனர் அளவுக்கு மீறிப் பெருகி மற்றப் பறவைகளை வெளியேற்றுவதை, உயிரினங்களை அழிவுக்குத் தள்ளும் முக்கியக் காரணிகளில் ஒன்றாக 2014இல் ஆஸ்திரேலிய அரசு பட்டியலில் சேர்த்தது. சொந்த மண்ணின் பறவை ஒன்று இப்படிப் பட்டியலிடப்பட்டது நம் நகரங்களைப் பற்றிச் சொல்லும் செய்தி என்றே நினைக்கிறேன்.

அதற்காக அதைப் பிடிக்கவோ கூட்டைக் கலைக்கவோ கூடாது. அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பறவை. விரட்டினாலும் அடுத்த வாரம் வேறொரு கூட்டம் அதே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இடத்தை மாற்றினால்தான் குடியிருப்பு மாறும். உங்கள் கொல்லைக்கு எந்தப் பறவை வரும் என்பதைத் தட்டில் வைக்கும் தீனி முடிவு செய்வதில்லை, புதர்தான் முடிவு செய்கிறது.

நாய்சி மைனரும் நம்மூர் மைனாவும் ஒன்றா?

இல்லை, உறவும் இல்லை. நம்மூர் மைனா பழுப்பு உடல், கறுப்புத் தலை, பறக்கையில் இறக்கையில் வெள்ளைத் திட்டு தெரியும். மெல்பர்னில் 1862இல் காய்கறித் தோட்டப் பூச்சிகளைத் தின்னட்டும் என்று கொண்டுவந்து விட்டார்கள். பிறகு குயின்ஸ்லாந்து கரும்புத் தோட்டங்களுக்கும் போயிற்று. பூச்சி குறையவில்லை, மைனா பெருகிவிட்டது. ரோசெல்லா போன்றவை கூடு வைக்கும் மரப்பொந்துகளை இது பிடித்துக்கொள்கிறது. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலிலும் இருக்கிறது.

ஊர் நினைவாக இருக்கட்டும் என்று மைனாவுக்குத் தீனி போடுகிறவர்களைத் தெரியும். அந்த ஏக்கம் புரிகிறது. ஆனாலும் செய்யாதீர்கள். நாய், பூனைத் தட்டில் மிச்ச உணவை வெளியே விடாமல் இருந்தாலே மைனா வரத்து பெரிதும் குறையும்.

சரி, என்ன நட வேண்டும்?

ஒரு செடியாக யோசிக்காமல் அடுக்குகளாக யோசியுங்கள். தரையில் புல் வகை, அதற்கு மேல் இடுப்பளவுப் புதர், அதற்கு மேல் ஆள் உயரப் புதர், இடமிருந்தால் ஒரு சிறு மரம். இவற்றைத் தள்ளித் தள்ளி நடாமல், கிளைகள் ஒன்றுக்குள் ஒன்று புகும்படி நெருக்கி நடுங்கள். ஃபேரி ரென் ஒரு புதரிலிருந்து இன்னொரு புதருக்குத் தாவுகிற பறவை. நடுவே பரந்த புல்வெளி இருந்தால் அதைக் கடக்கத் தயங்கும்.

முள் முக்கியம். முள்ளுள்ள ஹேக்கியா செரிசியா, பர்சேரியா, ஜூனிப்பர் இலைக் கிரெவில்லியா ஆகிய மூன்றும் சிட்னி மண்ணுக்கு ஏற்றவை. முள்ளுக்குள் ஒளிந்துகொண்டால் பூனையும் வர முடியாது, கரவாங்கும் நுழைய முடியாது. கையில் கீறுகிறதே என்று இவற்றை ஒதுக்குகிறவர்கள் உண்டு. நடைபாதை ஓரத்தில் வேண்டாம், வேலி மூலையில் நடுங்கள். அங்கே யாரும் போகப்போவதில்லை.

நர்சரியில் கிரெவில்லியா கேட்டால் முதலில் பெரிய பூ பூக்கும் கலப்பின வகைகளைக் காட்டுவார்கள். ஆண்டு முழுவதும் பூக்கும், கண்ணுக்கு அழகு. ஆனால் வற்றாமல் தேன் தருகிற அந்தப் பூக்களைச் சுற்றித்தான் நாய்சி மைனரும் லாரிகீட்டும், வாட்டில்பேர்ட் என்ற பெரிய தேனுண்ணிப் பறவையும் முகாம் போடுகின்றன. தேன் இருக்கும் இடத்தை அவை விட்டுக்கொடுக்காது. சின்னப் பறவை வேண்டுமென்றால் சின்னப் பூ பூக்கும் கிரெவில்லியாவை வாங்குங்கள். குளிர்காலத்தில் பூக்கும் கொரியாவும் நல்லது. அதன் தொங்கும் குழல் பூவுக்குள் ஸ்பைன்பில் தன் வளைந்த நீண்ட அலகை நுழைத்துத் தேன் குடிக்கும். சில சமயம் நம்மூர்த் தேன்சிட்டைப்போல அந்தரத்தில் நின்று குடிப்பதையும் பார்க்கலாம். மலைப்பகுதியில் குளிர் கூடும் மாதங்களில் அவற்றில் பல கீழே புறநகருக்கு இறங்கி வருகின்றன.

பாங்க்சியாவில் எரிகிஃபோலியா, ஸ்பினுலோசா இரண்டும் வீட்டுக்கு ஏற்ற உயரம். புல்லுக்குக் கங்காரு புல், போவா. அவை விதை விடும்போது வெட்டாதீர்கள், சில்லைகளுக்கு அதுதான் சாப்பாடு. லொமாண்ட்ராவை வரிசையாக நட்டால் தரையில் மறைவு கிடைக்கும். வேலியில் ஏற ஹார்டன்பர்ஜியா கொடி போதும். வாட்டில் (அகேசியா) மரம் ஒன்று இருந்தால் பூச்சிகள் வரும், பூச்சி வந்தால் பறவை வரும்.

வாங்கும் முன் உங்கள் கவுன்சிலிடம் கேளுங்கள். அந்தப் பகுதி மண்ணுக்குரிய செடிகளைக் குடியிருப்போருக்கு இலவசமாகவோ குறைந்த விலையிலோ தரும் கவுன்சில்கள் பல. மேற்கு சிட்னியின் பழைய காடான கம்பர்லாண்ட் சமவெளிக் காடு இன்று அழிவின் விளிம்பில் உள்ள இயற்கைச் சமூகமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் ஒரு செடியை உங்கள் வேலியோரத்தில் நடுவது அந்தக் காட்டுக்கும் செய்கிற உதவி.

கோழி எரு போடலாமா?

கறிவேப்பிலைக்கும் கத்தரிக்கும் தாராளமாகப் போடுங்கள். பாங்க்சியா, கிரெவில்லியா, ஹேக்கியாவுக்கு வேண்டாம். இவை பாஸ்பரஸ் மிகக் குறைந்த மண்ணில் வாழப் பழகிய குடும்பம். கோழி எருவில் பாஸ்பரஸ் அதிகம். இலை மஞ்சளித்துக் கருகி, செடி பட்டுப்போகும். நட்ட ஆறு மாதத்தில் பாங்க்சியா செத்துவிட்டது என்று வருந்துகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, அதற்கு என்ன உரம் போட்டீர்கள் என்பதைத்தான். ஆஸ்திரேலியச் செடிகளுக்கென்றே பாஸ்பரஸ் குறைத்த உரம் கடையில் கிடைக்கும். அதையும் குறைவாகவே போடுங்கள்.

தீனி வைக்கலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். ஆசையோடு கேட்கிறவர்களிடம் இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

லாரிகீட்டின் நாக்கு நுனியில் தூரிகைபோல மயிரிழைகள் உண்டு. பூவிலிருந்து தேனையும் மகரந்தத்தையும் ஒற்றி எடுக்கவே அது அமைந்தது. பிரெட்டும் சர்க்கரைத் தண்ணீரும் வைத்தால் வயிறு நிறையும், சத்து கிடைக்காது. ஒரே தட்டில் இருபது முப்பது கிளிகள் கூடி எச்சமிட்டுத் தின்னும்போது அலகு இறகு நோய் பரவுகிறது. கிளி இனத்தையே தாக்கும் வைரஸ் நோய் அது. இறகு உதிர்ந்து, அலகு கோணி, பறக்க முடியாமல் தரையில் நடக்கும் லாரிகீட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது.

குக்கபராவுக்கும் மேக்பைக்கும் கொத்துக்கறி வைப்பது இங்கே பழைய பழக்கம். பல்லியையும் பூச்சியையும் எலும்போடும் ஓட்டோடும் விழுங்குகிற பறவைகள் அவை. வெறும் கொத்துக்கறியில் சுண்ணாம்புச் சத்து இல்லை. குஞ்சுகள் அதையே தின்று வளர்ந்தால் எலும்பு பலவீனமாகும். அலகில் ஒட்டிக்கொண்டு அழுகியும் போகிறது.

தீனித் தட்டுக்கு முதலில் வருகிறவை யார் என்றும் பாருங்கள். வலியவைதான். தட்டு வைக்கிற வீடுகளில் காக்கட்டூவும் கரவாங்கும் மைனாவும் பெருகும். கரவாங் பெருகினால் அக்கம்பக்கத்துச் சிறு பறவைகளின் குஞ்சுகளைத் தின்னும். ஒரு வீட்டுத் தட்டின் விளைவை மொத்தத் தெருவும் சுமக்கிறது.

அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைப்பது எங்கள் வழக்கம். அதையும் நிறுத்த வேண்டுமா?

முன்னோர்க்குச் செய்வதைத் தீனித் தட்டோடு சேர்த்துப் பேசமாட்டேன். சிட்னியில் நாம் காக்கை என்று சொல்லும் பறவை பெரும்பாலும் ஆஸ்திரேலிய ரேவன். வளர்ந்த பறவைக்கு வெண்மையான கண், இழுத்து அழுவதுபோன்ற குரல். அழைத்தால் அதுவும் வரும்.

உப்பும் எண்ணெயும் சேர்க்காத வெறுஞ்சோறு ஒரு பிடி போதும். நீங்கள் நின்று பார்க்கக்கூடிய உயரமான இடத்தில் வையுங்கள். காக்கை எடுத்ததும் மிச்சத்தை உடனே அகற்றிவிடுங்கள். தரையில் சிந்திக் கிடந்தால் இரவில் எலி வரும். தினமும் வைக்காமல் அந்தந்த நாளில் மட்டும் வைத்தால் பறவைகள் அதை நம்பி வாழப் பழகாது.

தண்ணீர் வைக்கலாமா?

கட்டாயம் வையுங்கள். தீனியைவிட நூறு மடங்கு நல்லது. மேற்குப் புறநகரின் கோடை எப்படிப்பட்டது என்று அங்கே வாழ்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பென்ரித்தில் 2020 ஜனவரி 4ஆம் தேதி வெப்பம் 48.9 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அத்தகைய நாளில் ஒரு கிண்ணத் தண்ணீர் பல உயிர்களைக் காக்கும்.

அகலமான, ஆழமில்லாத பாத்திரம் எடுங்கள். ஓரத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர், நடுவில் ஐந்து போதும். வழுவழுப்பான பீங்கானாக இருந்தால் உள்ளே ஒரு தட்டையான கல்லைப் போடுங்கள். வாளி, ஆழமான தொட்டி என்றால் ஒரு குச்சியைச் சாய்த்து வைத்துவிட வேண்டும். விழுந்த பறவையோ பல்லியோ ஏறி வெளியே வரும். நிழலில், புதருக்குப் பக்கத்தில், பூனை தாவ முடியாத உயரத்தில் இருக்கட்டும். நனைந்த இறகோடு பறவையால் வேகமாகப் பறக்க முடியாது, பக்கத்திலேயே ஒளிய இடம் தேவை. முடிந்தால் இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள், ஒன்றை மைனர் பிடித்துக்கொண்டாலும் இன்னொன்று மிஞ்சும். தண்ணீரைத் தினமும் மாற்றி, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் நோயும் பரவாது, கொசுவும் முட்டையிடாது.

அக்டோபர் வந்தால் விடியற்காலை மூன்று மணிக்கே ஒரு பறவை கத்துகிறது. என்ன அது?

குயில்தான். ஊரில் கேட்ட அதே குயிலின் நெருங்கிய உறவு. செப்டம்பர், அக்டோபரில் நியூ கினி பக்கத்திலிருந்து பறந்து வந்து, இங்கே முட்டையிட்டு, மார்ச் ஏப்ரலில் திரும்புகிறது. ஆண் பளபளக்கும் கறுப்பு, சிவந்த கண். குரலும் படிப்படியாக ஏறிப் போகும், கேட்டவுடன் தெரிந்துவிடும்.

ஊரில் காக்கைக் கூட்டில் முட்டையிடும். இங்கே அதன் குஞ்சை வளர்ப்பது பெரும்பாலும் ரெட் வாட்டில்பேர்ட். கோடையின் பிற்பகுதியில், தன்னைவிடப் பருத்த ஒரு பழுப்புக் குஞ்சுக்கு வாட்டில்பேர்ட் ஓடி ஓடி ஊட்டுவதைப் பார்க்கலாம். பெரிய வளைந்த அலகும் சாம்பல் உடலுமாக அலறிக்கொண்டு வானில் போகும் இன்னொரு விருந்தாளி சேனல்-பில்ட் குக்கூ. உலகிலேயே பெரிய குயிலினம் அது. கரவாங், மேக்பை, ரேவன் கூடுகளில் முட்டையிடும்.

தூக்கம் கெடுகிறது என்றால் ஜன்னலை மூடுவதைத் தவிர வழியில்லை. பழ மரத்துக்குச் சரியான வலை போட்டால் உங்கள் மரத்தில் தங்குவது குறையலாம். கல்லெறியாதீர்கள், பாதுகாக்கப்பட்ட பறவை. என்னைக் கேட்டால், கடல் கடந்து வந்தும் சித்திரையை நினைவூட்டுகிற அந்தக் குரலுக்காக ஒரு மாதத் தூக்கம் தரலாம்.

மேக்பை தலையில் கொத்த வருகிறது. என்ன செய்வது?

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கூட்டில் முட்டையும் குஞ்சும் இருக்கும் சில வாரங்களில் மட்டும் இது நடக்கும். பாய்வது கிட்டத்தட்ட எப்போதும் ஆண்தான், ஆண்களிலும் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவையே பாய்கின்றன. கூட்டுக்கு ஆபத்து என்று அஞ்சித்தான் வருகிறது. அந்த வழியைச் சில வாரம் தவிருங்கள். முடியாவிட்டால் குடை பிடியுங்கள், சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், ஓடாமல் அதைப் பார்த்தபடியே விரைந்து கடங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம்.

மேக்பை மனித முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரே இடத்தில் பல ஆண்டுகள் வாழும். ஒருமுறை குச்சி வீசினால் அடுத்தடுத்த வசந்தங்களிலும் உங்களைத் தேடி வரும். நல்லவிதமாக நடந்துகொண்ட வீட்டாரிடம் குஞ்சையே கூட்டி வந்து உலவவிடும். புல்லுக்கடியில் புழு நகரும் ஓசையைக் காது சாய்த்துக் கேட்டுக் கொத்தி எடுப்பதைப் பாருங்கள், உங்கள் புல்தரைக்கு அது செய்யும் வேலை தெரியும். விடியலில் அது பாடும் குரலுக்கு இணையாக இந்த நாட்டில் நான் எதையும் கேட்டதில்லை. உலகின் பாடும் பறவைகளின் மூதாதைகள் இந்தக் கண்டத்தில் தோன்றி மற்றக் கண்டங்களுக்குப் பரவின என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. மேக்பை பாடும்போது எனக்கு அந்தச் செய்தியில் வியப்பே தோன்றுவதில்லை.

காக்கட்டூ மரச்சட்டத்தைக் கடிக்கிறது, குப்பைத் தொட்டியைத் திறக்கிறது.

வளர்ந்துகொண்டே இருக்கும் அலகைத் தேய்க்க அதற்கு மரம் வேண்டும். கூட்டம் கூடும் இடங்களில் பெரும்பாலும் யாரோ ஒருவர் தீனி போட்டுக்கொண்டிருப்பார், அதை நிறுத்தச் சொல்லிப் பேசுவதே முதல் வேலை.

தொட்டி மூடி விஷயம் ஆய்வுக்கே பொருளானது. 2018க்கு முன் சிட்னியில் மூன்று புறநகர்களில் மட்டும் இருந்த இந்தப் பழக்கம் 2019 இறுதிக்குள் 44 புறநகர்களுக்குப் பரவியது என்று 2021இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டிருக்கின்றன. மூடிமேல் செங்கல் வைத்தால் சில காக்கட்டூ அதையும் தள்ளிவிடுகிறது. பூட்டுப்பட்டை போடுவது நல்லது.

பிரஷ் டர்க்கி தோட்டத்தையே கிளறி மேடு கட்டுகிறது. கலைக்கலாமா?

வான்கோழி போன்ற இந்தத் தரைப்பறவையின் முட்டையுள்ள மேட்டைக் கலைப்பது சட்ட விரோதம். கட்டத் தொடங்கும்போதே அந்த இடத்தை வலையாலோ கனமான கற்களாலோ மூடினால் வேறிடம் போகும். ஒன்று மட்டும்: இலைதழை மட்கும் சூட்டில் முட்டை பொரிய வைத்து, அலகை நுழைத்துச் சூடு பார்த்து, கூடினால் கிளறியும் குறைந்தால் மூடியும் மாதக்கணக்கில் காவல் நிற்பது தந்தைப் பறவை. தோட்ட மூலை ஒன்றை அதற்கு விட்டுக்கொடுக்க முடிந்தால் விட்டுக்கொடுங்கள்.

கூட்டுப் பெட்டி மாட்டலாமா?

மாட்டலாம். யூகலிப்டஸ் மரத்தில் இயற்கையாகப் பொந்து விழ நூறு ஆண்டுக்கு மேல் ஆகும், புறநகரில் அவ்வளவு வயதான மரங்கள் அரிது. எந்தப் பறவைக்கு என்று தீர்மானித்து, அதற்கேற்ற துளையுள்ள பெட்டி வாங்குங்கள். வாசலில் உட்காரும் குச்சி இருக்கக் கூடாது, அது மைனாவுக்குத்தான் உதவும். மேற்கு வெயில் படாத பக்கம் பார்த்து, குறைந்தது மூன்று மீட்டர் உயரத்தில் மாட்டுங்கள். உட்சுவர் சொரசொரப்பாக இருந்தால்தான் குஞ்சு ஏறி வர முடியும். மாட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். மைனாவோ தேனீயோ குடியேறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எலித் தொல்லை இருக்கிறது. மருந்து வைத்தால் பறவைக்கு ஆபத்தா?

ஆபத்து, அதிலும் இரவுப் பறவைகளுக்கு. பொட்டலத்தில் புரோடிஃபாகூம், புரோமாடியோலோன் என்று அச்சிட்டிருந்தால் வாங்க வேண்டாம். அந்த நஞ்சு எலி செத்த பிறகும் அதன் உடலில் நெடுநாள் தங்கும். அதைத் தின்ற டானி ஃப்ராக்மவுத், புபுக் ஆந்தை, பவர்ஃபுல் ஆந்தை உள்ளுக்குள் இரத்தம் கசிந்து சாகின்றன. ஃப்ராக்மவுத் ஆந்தை அல்ல. பகலெல்லாம் மரக்கிளையின் உடைந்த முனைபோலத் தலையை உயர்த்தி அசையாமல் இருக்கும், தலைக்கு மேலேயே இருந்தாலும் பல நாள் கண்ணில் படாது. எலிப்பொறி வையுங்கள், தானியத்தை மூடுங்கள், உரக்குழியில் சமைத்த உணவைப் போடாதீர்கள்.

பழ மரத்துக்கு எந்த வலை?

வெள்ளை நிறத்தில், விரல் நுழையாத அளவு நெருக்கமாகப் பின்னியது. விக்டோரியாவில் 2021 செப்டம்பர் முதல் வீட்டுப் பழ மர வலையின் கண் 5 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். எந்த மாநிலத்தில் இருந்தாலும் அதையே பின்பற்றுங்கள். அகலக் கண் வலையில் பழந்தின்னி வௌவாலும் பறவையும் பாம்பும் சிக்கி, அறுபட்டுச் சாகின்றன.

பூனை வளர்க்கிறோம்.

வீட்டுக்குள்ளேயே வளருங்கள், அல்லது வலையடித்த முற்றம் கட்டுங்கள். வெளியே திரிந்து வேட்டையாடும் ஒரு வீட்டுப்பூனை ஆண்டுக்குச் சராசரியாக 186 ஊர்வன, பறவை, பாலூட்டிகளைக் கொல்கிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மணி கட்டினால் போதாது. பூனையும் புதரும் ஒரே கொல்லையில் இருந்தால் புதர் பறவைகளுக்குப் பொறியாகிவிடும்.

பறவை பார்க்க என்ன வாங்க வேண்டும்?

8x42 பைனாகுலர் ஒன்று போதும். அதற்கும் முன்னால், ஒரே நாற்காலியில் காலைக் காபியோடு இருபது நிமிடம் அசையாமல் உட்காரும் பழக்கம் வேண்டும். நிறத்தைவிடக் குரலையும் நடையையும் கவனியுங்கள். வில்லி வாக்டெயில் ஓயாமல் வாலைப் பக்கவாட்டில் ஆட்டும், நிலா இரவுகளில் பாடும். புட்சர்பேர்ட் கம்பியில் அமர்ந்து கீழே பார்த்தபடி காத்திருக்கும். பெயர் தெரியாவிட்டால் பேர்ட்லைஃப் ஆஸ்திரேலியா நடத்தும் ‘பேர்ட்ஸ் இன் பேக்யார்ட்ஸ்’ தளத்தில் தேடலாம்.

அந்த அமைப்பு 2014 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் நாடு தழுவிய பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. இருபது நிமிடம் பார்த்ததைச் செயலியில் பதிந்தால் போதும். பிள்ளைகளோடு செய்யுங்கள். நம் தெருக்களிலிருந்தும் பதிவுகள் போக வேண்டும் என்பது என் ஆசை.

எங்களுக்குக் கொல்லையே இல்லை, பால்கனிதான்.

ஒரு பெரிய தொட்டியில் கொரியா, இன்னொன்றில் கங்காரு பா, ஒரு தட்டில் தண்ணீர். கண்ணாடிக் கதவில் வானம் பிரதிபலித்தால் பறவை மோதும், ஆகையால் வெளிப்பக்கம் நெருக்கமாகப் புள்ளி ஒட்டிகள் ஒட்டுங்கள். உள்பக்கம் ஒட்டினால் பிரதிபலிப்பு மறையாது.

குஞ்சு ஒன்று தரையில் கிடக்கிறது. எடுத்து வளர்க்கலாமா?

முதலில் இறகைப் பாருங்கள். இறகு முளைத்து, குட்டை வாலோடு தத்தித் தத்திப் போனால் அது பறக்கப் பழகும் குஞ்சு. பெற்றவை பக்கத்து மரத்தில்தான் இருக்கும். பூனையையும் நாயையும் உள்ளே கட்டிவிட்டு, குஞ்சைத் தாழ்ந்த கிளையில் ஏற்றிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். இறகில்லாத வெற்றுக் குஞ்சாக இருந்தால், கூடு எட்டுமானால் அதிலேயே வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையல்ல.

காயம் இருந்தாலோ கூடு எங்கே என்று தெரியாவிட்டாலோ, ஓர் அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, இருட்டாக, அமைதியாக விட்டுவிடுங்கள். பாலோ பிரெட்டோ தண்ணீரோ வாயில் ஊட்டாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். நியூ சவுத் வேல்ஸில் வயர்ஸ் (WIRES) என்ற காட்டுயிர் மீட்பு அமைப்பை அழைக்கலாம், அல்லது அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகலாம். காட்டுயிர் என்றால் பல மருத்துவர்கள் கட்டணம் வாங்குவதில்லை. உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்து வளர்ப்பதைச் சட்டம் அனுமதிக்காது. எந்த இடத்தில், எந்த மரத்தடியில் எடுத்தீர்கள் என்பதைத் தெளிவாகக் குறித்துக் கொடுங்கள். தேறியதும் அதே இடத்தில்தான் கொண்டுவந்து விடுவார்கள்.